இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

தொலைவில் உள்ள இரண்டு நகரங்களின் பெயர்களை இணையத்தில் தட்டினால், அடுத்த நொடியே ஒரு தூரமும் ஒரு பயண நேரமும் வந்து நிற்கின்றன. வேறொரு தளத்தில் தேடினால் தூரம் சற்றே மாறுகிறது; நேரமோ ஒரு மணி நேரம் வரைகூட வேறுபடுகிறது. விமானச் சீட்டில் அச்சாகியிருக்கும் நேரம் இவ்விரண்டோடும் ஒத்துப்போவதில்லை. போதாக்குறைக்கு, போகும்போது எட்டு மணி நேரம் எடுத்த பயணம் திரும்பும்போது ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இதற்குப் பூமி சுழல்வதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. விமானங்கள் வேண்டுமென்றே சுற்றிப் போகின்றன என்று சந்தேகிப்பவர்களும் உண்டு.

இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி, தொடர்பிருந்தாலும் வெவ்வேறான சில அளவுகளை ஒரே அளவாக எண்ணிக்கொள்வதால் வருகிறது. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தூரம் பூமியின் வடிவத்தைப் பொறுத்தது. அது இன்றும் நாளையும் மாறாது. பறக்கும் நேரமோ விமானத்தைச் சுமந்துசெல்லும் காற்றைப் பொறுத்தது; அது நாளுக்கு நாள் மாறும். முதலில் மாறாததைப் பார்த்துவிடலாம்.

நூலும் உலக உருண்டையும்

ஓர் உலக உருண்டையை எடுத்துக்கொண்டு, பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒரு நூலின் முனையை விரலால் அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையை அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் வையுங்கள். இரண்டு நகரங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், அதாவது வடக்கே 60 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு நேராக மேற்கே ஒரு கோடு கிழித்தால் போதும் என்று தோன்றும். அந்தக் கோட்டின் மேலேயே நூலைப் படியவைத்துவிட்டு, இப்போது மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் அங்கே நிற்காது. வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறி, வட துருவத்துக்கு மிக அருகில் போய் விறைத்து நிற்கும். விரலிடையில் நூல் கணிசமாக மிஞ்சியிருக்கும்.

மிஞ்சிய நூல் எவ்வளவு தூரத்துக்குச் சமம் என்று கணக்கிட்டுவிடலாம். அட்சரேகையை ஒட்டியே சென்றால் சுமார் 9,500 கிலோமீட்டர். துருவத்தை ஒட்டிச் சென்றால் சுமார் 6,500 கிலோமீட்டர். மிச்சமாகும் 3,000 கிலோமீட்டர் என்பது பயணிகள் விமானம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பறக்கவேண்டிய தூரம்.

விறைத்து நின்ற நூல் காட்டும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். ஓர் உருண்டையை அதன் நடுப்புள்ளி வழியாகச் சரிபாதியாக வெட்டினால் வெட்டின் விளிம்பில் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் எதுவும் பெருவட்டம் அல்ல, ஏனென்றால் அவை உருண்டையைச் சரிபாதியாக வெட்டுவதில்லை. உருண்டையின் மேற்பரப்பில் உள்ள எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மிகக் குறுகிய வழி, அவற்றை இணைக்கும் பெருவட்டத்தின் துண்டுதான்.

அப்படியானால் வரைபடம் ஏன் நம்மை ஏமாற்றுகிறது? உருண்டையின் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க வேண்டுமானால் எங்காவது இழுத்தோ கிழித்தோதான் ஆக வேண்டும். நாம் அதிகம் பார்த்துப் பழகிய வரைபடம், 1569-இல் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் வகுத்த முறையிலிருந்து வந்தது. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு செல்லும் மாலுமியின் பாதை நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த வேலையை அது மிக நன்றாகவே செய்கிறது. ஆனால் அதற்காகத் துருவங்களை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் இழுத்துப் பெரிதாக்குகிறது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகை சுமார் 111 கிலோமீட்டர். 60-ஆவது அட்சரேகையில் அதே ஒரு பாகை அதில் பாதிதான். வரைபடத்திலோ இரண்டும் ஒரே அகலம். ஆகவே வடக்கே உள்ள குறுக்குவழி அந்தப் படத்தில் நீண்டு வளைந்த சுற்றுவழியாகத் தோன்றுகிறது. தென்கோளத்தில் வளைவு கீழ்நோக்கித் திரும்பும்: சிட்னியிலிருந்து சிலி நாட்டின் சாண்டியாகோவுக்குச் செல்லும் பெருவட்டப் பாதை அண்டார்க்டிகாவை நோக்கி வளைவதாகத் தெரிவது இதனால்தான். நிலநடுக்கோட்டின் மீதோ, ஒரே தீர்க்கரேகையிலோ அமைந்த இரண்டு இடங்களுக்கு இடையே மட்டுமே வரைபடத்தின் நேர்கோடும் உண்மையான குறுக்குவழியும் ஒன்றாகின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தளங்கள் காட்டும் தூரம் பெரும்பாலும் பெருவட்டத் தூரம்; அது உருண்டையின் மீது இழுத்துக் கட்டிய நூலின் நீளம்; வரைபடத்தில் தெரியும் வளைவு விமானத்தின் வளைவு அல்ல, படத்தின் வளைவு.

ஒரே தூரம், இரண்டு எண்கள்

இந்தத் தூரத்தை யாரும் அளந்து வைத்திருப்பதில்லை. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துக்கொண்டு, 6,371 கிலோமீட்டர் ஆரம் உள்ள உருண்டையின் மீது ஒரு முக்கோணவியல் கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் கணக்கில் சேர்க்கும் தளங்கள் கொஞ்சம் வேறான எண்ணைக் காட்டும். அந்த வேறுபாடு அதிகபட்சம் அரை சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும், கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது அலகைப் பற்றி. விமானத் துறை தூரத்தைக் கடல் மைலில் சொல்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கலைக்கு உரிய தரைத் தூரமே கடல் மைல் எனத் தொடங்கி, இன்று 1,852 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. சாதாரண மைலோ 1,609 மீட்டர்தான். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கும் இடையே ஓரிடத்தில் 3,000 மைல் என்றும் வேறோரிடத்தில் 3,450 மைல் என்றும் படித்தால், இரண்டும் சரியே. முதலாவது கடல் மைல், இரண்டாவது சாதாரண மைல். கிலோமீட்டரில் சொன்னால் இரண்டும் சுமார் 5,550.

விமானம் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: கூடும், ஆனால் 11 கிலோமீட்டர் உயரத்தில் 10,000 கிலோமீட்டர் பயணத்துக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் மட்டுமே. இரண்டு நிமிடம்கூட ஆகாது.

விமானம் அந்த நூலின் மீதே பறப்பதில்லை

பெருவட்டப் பாதை ஒரு கீழ் எல்லை. அதைவிடக் குறைவாகப் பறக்க முடியாது, கூடுதலாகப் பறக்கலாம். புறப்படும் ஓடுபாதை எதிர்த்திசையை நோக்கியிருந்தால் ஏறிய பிறகு திரும்பி வர வேண்டும். இறங்குமிடத்தில் நெரிசல் இருந்தால் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். இவை சிறு கூடுதல்கள். பெரிய கூடுதல்களுக்கு வேறு காரணங்கள் உண்டு.

இரண்டு எஞ்சின் கொண்ட விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் மற்றதைக் கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவதொரு நிலையத்தை அடையக்கூடிய தூரத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த வரம்பு முன்பு 60 நிமிடமாக இருந்தது. 1985-இல் அட்லாண்டிக்கைக் கடக்க 120 நிமிடம் அனுமதிக்கப்பட்டது. பின்னர் 180 ஆயிற்று. ஏர்பஸ் ஏ350 போன்ற இன்றைய விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. எஞ்சின்களின் மீதான நம்பிக்கை வளர வளர, பாதைகளும் நூலை நெருங்கி வந்திருக்கின்றன என்று இதைப் படிக்கலாம்.

நாடுகளின் வான்பரப்பு அடைபடுவது இதைவிடப் பெரிய சுற்றுக்குக் காரணமாகிறது. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். சைபீரியாவின் மேலாக ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் சென்றுகொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதை அடுத்து ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது, அதே பயணம் துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ சுமார் 13 மணி நேரமாக நீண்டது. தூரம் காட்டும் தளங்களில் இன்றும் அதே 7,800-தான் இருக்கும். நூலுக்கு எல்லைக்கோடுகள் தெரியாது.

நகரும் நடைபாதையும் மேலே வீசும் காற்றும்

பெரிய விமான நிலையங்களில், நின்றால் தானே கொண்டுசெல்லும் நகரும் நடைபாதை இருக்கிறது. அதன் மேல் நீங்கள் வழக்கமான வேகத்தில் நடந்தால், பக்கத்தில் வெறும் தரையில் நடப்பவரை முந்திவிடுவீர்கள். அது நகரும் திசைக்கு எதிராக நடந்தால், கால்கள் அதே வேகத்தில் இயங்கினாலும் முன்னேற்றம் குறையும். விமானத்துக்குக் காற்றுதான் அந்த நடைபாதை.

இங்கே இரண்டு வேகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தன்னைச் சூழ்ந்துள்ள காற்றை ஊடுருவி விமானம் செல்லும் வேகம் வான்வேகம். கீழே உள்ள தரையை ஒப்பிட்டு அது நகரும் வேகம் தரைவேகம். வான்வேகத்தை எஞ்சினும் இறக்கையின் வடிவமும் தீர்மானிக்கின்றன: நெடுந்தூர விமானங்கள் பெரும்பாலும் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கை ஒட்டிப் பறக்கின்றன. பறக்கும் உயரத்தில் வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே 56 பாகை செல்சியஸ் அளவில் குளிர் இருப்பதால் அங்கே ஒலியின் வேகமும் குறைவு, மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர், அதில் 0.85 பங்கு ஏறத்தாழ 900. இந்த 900 பெரிதாக மாறுவதில்லை. பயணிக்கு முன்னால் உள்ள சிறு திரையில் ஒருநாள் 780 என்றும் மறுநாள் 1,050 என்றும் காட்டுவது தரைவேகம். இடைப்பட்ட வேறுபாடு முழுவதும் காற்றுடையது.

அவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது? வெப்பமண்டலக் காற்று சூடாகி விரிந்தும் துருவக் காற்று குளிர்ந்து சுருங்கியும் இருப்பதால், உயரே ஓர் அழுத்த வேறுபாடு உண்டாகிறது. அதனால் துருவத்தை நோக்கிப் பாயத் தொடங்கும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. இந்தக் காற்று, 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்க விரும்பும் அதே உயரத்தில், குறுகிய ஆறுபோல மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. இதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு கூடுவதால் இதன் வேகமும் கூடும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி. உலகமே படிக்கட்டும் என்று அவர் தம் முடிவுகளை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். விளைவாக ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை. 1944-இல் ஜப்பானின் மேல் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் அதே காற்றில் சிக்கித் திகைத்துப்போனார்கள்.

2020 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு, ஒரு பெரும்புயலோடு சேர்ந்து வலுத்திருந்த ஜெட் ஸ்ட்ரீமில் பயணித்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்து சேர்ந்தது. அதன் தரைவேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. சுற்றியிருந்த காற்றை ஒப்பிட்டால் அது வழக்கம்போலத்தான் பறந்துகொண்டிருந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்று பலர் நினைப்பதும் சரியன்று. 5,400 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் காற்றே இல்லாமல் கடந்தால் போக 6, வர 6, ஆக 12 மணி நேரம். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று வீசினால் எதிர்க்காற்றில் தரைவேகம் 750, நேரம் 7 மணி 12 நிமிடம். பின்காற்றில் தரைவேகம் 1,050, நேரம் 5 மணி 9 நிமிடம். மொத்தம் 12 மணி 21 நிமிடம். எதிர்க்காற்றில் கழியும் நேரம் கூடுதலாக இருப்பதால், காற்று கெடுப்பதற்கு அதிக நேரம் கிடைக்கிறது, கொடுப்பதற்குக் குறைந்த நேரமே கிடைக்கிறது.

பூமியின் சுழற்சி பற்றிய வாதத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. அதன் மேலுள்ள காற்றும், அந்தக் காற்றில் பறக்கும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து கைக்கே திரும்பி வருவதைப் போன்றதுதான் இது. சுழற்சி நேரடியாகக் கைகொடுக்குமானால், சேருமிடம் எதிர்கொண்டு வருவதால் மேற்கு நோக்கிய பயணம்தானே விரைவாக முடிய வேண்டும்? நடப்பது நேர்மாறு. சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் அது காற்றைத் திருப்பிவிடுவதன் வழியாக வரும் பங்கு.

நீளமான வழியே விரைவான வழியாவது

சிங்கப்பூரும் நியூயார்க்கும் பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் உள்ளன. இடையே பெருவட்டத் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர்; நூல் வட துருவத்தை உரசிக்கொண்டு செல்லும். ஆனால் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நேரடி விமானம் பல நாள்களில் வடபசிபிக்கின் மேலாகக் கிழக்கே செல்கிறது. அந்தப் பாதை தரையில் பெருவட்டப் பாதையைவிட 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கூடுதல் நீளம். இருந்தும் பின்காற்று தள்ளிவிடுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதும் அட்லாண்டிக்கின் மேலாகக் கிழக்கே வருவது வழக்கம். ஆக, ஒரு நகரத்துக்குப் போய்த் திரும்பிய பயணி, தெரியாமலேயே உலகத்தை ஒருமுறை சுற்றிவிட்டிருப்பார்.

விமானிகளும் திட்டமிடுவோரும் தேடுவது மிகக் குறுகிய தரைப்பாதையை அல்ல, அன்றைய காற்றில் மிகக் குறைந்த செலவாகும் பாதையை. வட அட்லாண்டிக்கின் மேலுள்ள பாதைகள் காற்றைப் பார்த்து நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுவதும் இதற்காகவே.

சீட்டில் உள்ள நேரம்

சீட்டில் அச்சாகும் பயண நேரம் வானில் இருக்கும் நேரம் அன்று. சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கப்படும் வரை உள்ள நேரம் அது. கட்டையை வைத்தே அதற்குப் பிளாக் டைம் என்ற பெயர் வந்தது. ஓடுபாதை வரை ஊர்வதும், வரிசையில் நிற்பதும், இறங்கிய பின் வாயில் தேடிச் செல்வதும் இதில் அடக்கம். இதற்கு மேல், தாமதமானாலும் நேரத்துக்குச் சேர்ந்ததாகக் கணக்கு வர வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியும் வைக்கின்றன. விமானம் 20 நிமிடம் முன்னதாக வந்துவிட்டது என்று அறிவிக்கும்போது, அந்த 20 நிமிடம் அட்டவணையிலேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்ததாகவும் இருக்கலாம்.

கடிகாரத்தைக் கழித்துப் பார்ப்பவர்களுக்கு

புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரத்திலேயே அச்சாகின்றன. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைப்பது பயண நேரமன்று. குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்பட்டு 10 மணி நேரம் பறப்பவர், லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவார். புறப்படுவதற்கு ஏழு மணி நேரம் முன்னதாகவே சேர்ந்துவிட்டதுபோல் தோன்றும். திரும்பும்போது காலை 11 மணிக்குக் கிளம்பி, எதிர்க்காற்றில் 12 மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் மறுநாள் மாலை 4 மணி. கடிகாரப்படி 29 மணி நேரம்.

வழி எளியது: இரண்டு நேரங்களையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும். டோக்கியோ அதற்கு 9 மணி நேரம் முன்னால், லாஸ் ஏஞ்சலிஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். மாலை 5 மணி என்பது பொது நேரத்தில் காலை 8. காலை 10 மணி என்பது மாலை 6. இடைவெளி 10 மணி நேரம்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு

லண்டன்–நியூயார்க் பெருவட்டத் தூரம் 5,550 கிலோமீட்டர். உண்மையான பாதை சற்றுக் கூடுதலாக 5,700 என்று வைத்துக்கொள்வோம். வான்வேகம் 900, சராசரி எதிர்க்காற்று 100 என்றால் தரைவேகம் 800. நேரம் 7 மணி 7 நிமிடம். மெதுவாக ஏறி இறங்கும் கட்டங்களுக்கு 20 நிமிடம், தரையில் ஊர்வதற்கு 30 நிமிடம் சேர்த்தால் ஏறத்தாழ 8 மணி நேரம். அட்டவணைகளிலும் இந்த அளவைத்தான் காண்கிறோம். திரும்பும்போது தரைவேகம் 1,000. வானில் 5 மணி 42 நிமிடம். மற்றவற்றைச் சேர்த்தால் ஆறரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அட்டவணையிலோ சுமார் 7 மணி நேரம் இருக்கும்.

தூரத்தை ஒரு நிலையான வேகத்தால் வகுத்து அரை மணி நேரம் கூட்டிச் சொல்லும் தளங்கள் இரண்டு திசைக்கும் ஒரே விடையைத் தருவதற்குக் காரணம், அவற்றின் கணக்கில் காற்றுக்கு இடமே இல்லை என்பதுதான். அன்றைய காற்றையும் சேர்த்த சரியான நேரம், புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு விமானியின் கைக்கு வரும் பயணத் திட்டத்தில்தான் இருக்கும்.